வரிசை எண் இருபத்து நான்கு

புர்னோ நகரில் செப்டம்பர்.
ஆய்வுக்கூடத்தின் நிலவறையில்
நாற்பது பேர் காலுறை கழற்றிக் காத்திருக்கிறார்கள்.
என் வேலை எளிது.
பாதத்தின் உள்விளிம்பில் குளிர்ந்த ஜெல்லி தடவி
மீயொலிக் கருவியை அழுத்துவேன்.
திரையில் சாம்பல் நிற மீனாக ஒரு தசை
புரண்டு படுக்கும். தடிமனைக் குறித்துக்கொள்வேன்.
பிறகு கம்பியைக் காட்டி
"விரல்களால் இறுக்குங்கள்" என்பேன்.

எல்லோரும் முதலில் முகத்தைத்தான் இறுக்குகிறார்கள்.
தாடை கெட்டிக்கும், தோள் ஏறும்,
கைகள் நாற்காலியைப் பற்றும்.
கால்விரல்கள் மட்டும்
பெயர் கூப்பிட்டும் எழாத கடைசி பெஞ்சுக்காரர்கள் போல
ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

சீட்டுக் குலுக்கினோம்.
இருபது பேருக்கு மெல்லிய காலணி:
நான்கு மில்லிமீட்டர் அடி,
குதிகாலுக்கு உயரமில்லை, வளைவுக்கு முட்டில்லை,
சுருட்டினால் கோட்டுப் பையில் அடங்கும்.
மற்றவர்களுக்கு
அவரவர் போட்டு வந்த பழசே.
ஆறு மாதம். கையெழுத்து. நன்றி.

தபால்காரர் விளஸ்திமிலுக்கு மெல்லியது வாய்த்தது.
"கொஞ்சம் கொஞ்சமாக" என்று தாளில்
தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தோம்.
அவர் மறுநாளே முழுச் சுற்றும் போனார்.
தெருவில் பதித்த கல் ஒவ்வொன்றும்
உள்ளங்காலை நிறுத்தி முகவரி கேட்டதாம்.
மூன்றாம் வாரம் நொண்டிக்கொண்டு வந்தார்.
நடுப்பாத எலும்பில் மயிரிழை விரிசல்.
முப்பது வருஷம் மெத்தையில் கிடந்தவனை
எழுப்பிய அன்றே மூட்டை தூக்கச் சொன்னால்
என்ன செய்வான், பாவம்.
அவர் வரிசையில் கோடு போட்டேன்.

நூலகத்து யித்கா அவசரப்படவில்லை.
ஒரு வாரம் பால் கடை வரை,
மறுவாரம் டிராம் நிறுத்தம் வரை.
கெண்டைக்கால் வலித்த நாட்களில் வீட்டிலேயே.
நவம்பரில் தொலைபேசினாள்:
"தரையில் எழுத்து இருக்கிறது, தெரியுமா?"
தெரியாது என்றேன்.
என் காலணிக்கு மூன்று விரல் கனத்தில் மெத்தை.

மார்ச்சில் உப்புக் கரைந்த சேற்றோடு திரும்பினார்கள்.
மெல்லிய காலணிக்காரர்களின் மீன்கள் பருத்திருந்தன.
முள் முன்பு நின்ற கோட்டைத் தாண்டி ஏறியது.
பழைய காலணிகளில்
எல்லாம் அப்படியே, சொல்லிவைத்தாற்போல.

இருபத்து நான்கைத் தவிர.

த்ரஹோமீரா. இரவு நேர அடுமனை வேலை.
கண்ணிமையிலும் மாவு.
பழைய காலணிக் குழு.
அவள் முகத்தை இறுக்கவே இல்லை.
விரல்கள் ஐந்தும் தனித்தனியே விரிந்து
கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டன.
கருவி கெட்டதென்று மூன்று முறை அளந்தேன்.

"குலுக்கலில் எனக்குப் பழசு விழுந்தது,"
என்றாள். "ஆத்திரமாக வந்தது.
அன்றிரவே வாசலில் கழற்றினேன்.
நான்கு மாடி, கல் படி, வெறுங்கால்.
சமையலறையில் நுனிக்காலில் நின்று
அலமாரி மேலிருந்து தேநீர் எடுப்பேன்,
தேநீர் வேண்டாத போதும்.
நீங்கள் கையெழுத்து வாங்கியது
காலணி பற்றித்தானே?
கால் பற்றி ஒரு வரியும் இல்லையே."

தாளைப் புரட்டிப் பார்த்தேன். இல்லைதான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முடிவைக் கெடுக்கிறாள்" என்றார்.
"எந்த முடிவை?" என்று கேட்டிருக்கலாம்.
அடுத்த வருஷ ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது.
நீக்கினேன்.

எல்லோரும் போன பிறகு
கம்பியின் முன் நானே உட்கார்ந்தேன்.
தாடை இறுகியது. தோள் ஏறியது.
முள் தூக்கத்தில் ஒருவன் புரள்வதுபோல்
அசைந்து, அடங்கியது.

அச்சாகி வந்த அட்டவணையில்
இருபத்து மூன்றுக்கு அடுத்து இருபத்தைந்து.
நடுவில் விட்ட வெள்ளைக் கோடு
ஐந்து விரலும் விரித்து
ஒரு கால் ஊன்றப்
போதுமான அகலம்.